எரிந்த கட்சி அழகுமுத்து

மூணுகல் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கில் போய் அழகுமுத்து வீடு எது என்று கேட்டால் ஒரு பயலும் கை காட்ட மாட்டான். "எரிஞ்ச கட்சி" என்று முன்னால் சேர்த்துக் கேட்கணும். அப்போதுதான் மேட்டு லயத்தில், அந்த வரிசை வீடுகளில், கடைசி வீட்டைக் காட்டுவார்கள். காட்டும்போதே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கவும் செய்வார்கள். அந்தச் சிரிப்புக்குக் காரணம் இருக்கிறது.

கட்சி என்றதும் ஓட்டுக் கேட்கிற கட்சி என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் தேர்தலுக்கு நாலு கூரைத் தகரம் இறக்கிவிட்டு மலையிறங்கிப் போய்விடுவார்கள். இது மாசிக்கு மாசி வருகிற கட்சி.

மாசி பிறந்தால் மலையில் காமன் கூத்து. பொட்டலில் கம்பம் நட்டு, மதனுக்கும் ரதிக்கும் கல்யாணம் முடித்து வைத்து, அந்தப் புது மாப்பிள்ளையைச் சிவனுடைய தவத்தைக் கலைக்க அனுப்புவார்கள். போகாதே என்று ரதி மறிப்பாள். கேட்க மாட்டான், போவான். சிவன் நெற்றிக்கண்ணைத் திறப்பார். மதன் சாம்பல். பிறகு ரதியோடு சேர்ந்து தோட்டமே உட்கார்ந்து அழும். இது எல்லாத் தோட்டத்திலும் உள்ளதுதான்.

கீழ்க்கணக்கில் மட்டும் எரிப்பதற்கு முன்னால் ஒரு வழக்கு நடக்கும். காமன் எரிந்தானா, எரியவில்லையா? மேட்டு லயத்துக்காரர்கள் எரிந்த கட்சி. ஆசை என்பது எரிந்து தீர்கிற சாமான்தான், மனுஷன் நினைத்தால் அதைச் சாம்பலாக்கிவிட்டு நிம்மதியாகக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்காரலாம் என்பது அவர்கள் பேச்சு. ஆற்றோர லயத்துக்காரர்கள் எரியாத கட்சி. எரிந்தது உடம்பு மட்டும்தான், ஆசை எங்கேயும் போகாது, ஒளிந்து நின்று வேலை காட்டும் என்பார்கள். கட்சிக்கு ஒரு பேச்சாளர். நல்ல அடியாகப் பேசினால் அந்தப் பக்கத்துத் தப்பு மேளம் முழங்கும். முடிவில் நடுவர் தீர்ப்புச் சொல்வார். தோற்ற பேச்சாளர் கம்பத்தைச் சுற்றி வந்து, "அடுத்த மாசி வரைக்கும் ஜெயிச்ச கட்சி சொன்னபடிதான் வாழ்வேன்" என்று சத்தியம் பண்ணணும்.

சும்மா வாய்ச் சத்தியம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். எரியாத கட்சிப் பேச்சாளன் ஜெயகாந்தன் ஒரு மாசியில் தோற்றான். அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டிலும் அவனுக்கு ரெண்டாம் கரண்டி கறி விழவில்லை. "எரிஞ்ச ஆளுக்கு எதுக்குடா இன்னொரு கரண்டி?" என்று சொல்லி வாளியைத் தாண்டிக் கொண்டுபோய்விடுவார்கள். வருஷம் முடிவதற்குள் ஆள் பாதியாகிவிட்டான். தொண்டையில் கறி இறங்காததைவிட, ஊர் சிரித்ததுதான் அவனை அரித்தது.

அவனைத் தோற்கடித்தது அழகுமுத்து. அழகுமுத்து அவனுக்கு மச்சான், செத்துப்போன அக்கா சிவனம்மாவின் புருஷன்.

அழகுமுத்துவுக்கு வேலை கவ்வாத்து. முற்றிய தேயிலையை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுகிற வேலை. கத்தி நன்றாக ஓடும், ஆனால் பாதியில் நின்றுவிடும். ஓங்கிய கத்தியைத் தலைக்கு மேலேயே வைத்துக்கொண்டு பக்கத்து நிரைக்காரனைப் பார்த்து, "ஏம்பா, கோவம் வர்றதுக்கு முந்தி அது எங்கப்பா இருக்கு?" என்பார். பக்கத்து நிரைக்காரன் கோவத்தையெல்லாம் யோசிக்க மாட்டான். கத்தி எங்கே இருக்கிறது என்றுதான் பார்ப்பான்.

ஒருமுறை தோட்டத்துத் துரை மலைக்கு வந்து அவரைக் கன்னாபின்னாவென்று ஏசினார். ஏசி முடிக்கும்வரை அழகுமுத்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு மரியாதையாக, "துரை, இவ்வளவு கோவமும் காலையில நீங்க தேத்தண்ணி குடிக்கிறப்ப எந்தப் பக்கம் இருந்துச்சுங்க?" என்று கேட்டார். துரைக்குத் தமிழ் எட்டாது. என்ன சொல்கிறான் என்று சிங்களத்தில் கணக்குப்பிள்ளையைக் கேட்டார். கணக்குப்பிள்ளைக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறது. "ஒளுவே கெக்குமலு சேர்" என்றார், அதாவது தலைவலியாம். துரை மனசு இளகி அரை நாள் லீவு கொடுத்தார். அழகுமுத்து வீட்டுக்கு வந்து மீதி அரை நாளும், "ஏசின மனசும் இளகின மனசும் ஒண்ணா ரெண்டா?" என்று யோசித்துக்கொண்டு கிடந்தார்.

இப்படிப்பட்ட ஆள் பேச்சாளராக வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஜெயகாந்தன் எழும்பி, "போன மாசியில எரிச்சீங்க. எரிஞ்சிருந்தா இந்த மாசியில யார எரிக்கப்போறீங்க? ஒருத்தன எத்தன தடவதான்யா எரிப்பீங்க?" என்று போடுவான். ஆற்றோரத் தப்பு அதிரும். அழகுமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாக எழும்புவார். "மச்சான் நேத்துக் குளிச்சாரு. இன்னைக்கும் குளிச்சிட்டு வந்திருக்காரு, வாசம் வருது. அதுக்காக நேத்துக் குளிச்சது பொய்யின்னு சொல்லலாமா?" அவ்வளவுதான். மேட்டுத் தப்பு கிழியும்.

சிவனம்மா போய்ச் சேர்ந்த பிறகு இந்தப் பேச்செல்லாம் பேச்சோடு நிற்கவில்லை. தனியாகச் சமைத்தார், தனியாகத் தின்றார், எதைப் பார்த்தும் நாக்கைச் சப்புக்கொட்டவில்லை. ஊர் பார்த்தது. "வாயால சொன்னத வாழ்ந்து காட்டுறாரு" என்று கட்சி ஆட்கள் நெஞ்சை நிமிர்த்தினார்கள். புதுச் சட்டை போட்டால், "என்னாங்கண்ணே, இன்னும் எரியலையா?" என்று கேலி வரும். கழற்றிவிட்டுப் பழைய சட்டையைப் போடுவார். பெருமையும் ஒரு ஜெயில்தான், உள்ளே இருக்கிறவனே பூட்டிக்கொள்வான்.

அந்த ஜெயிலுக்கு ஜன்னல் வைத்தவள் ஜீவராணி.

அதே மேட்டு லயத்தில் நாலு வீடு தள்ளி இருக்கிறவள், கொழுந்து எடுக்கிறவள். புருஷன் குளவி கொட்டிச் செத்துப்போனான். ஒரே மகன் கிஷாந்த், மலைக்குக் கீழே வத்தளை டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் நிற்கிறான். ஒரு நாள் தண்ணீர் பிடிக்கிற பீலியில் குடம் நிறையும்வரை ரெண்டு பேரும் நிற்க வேண்டியதாகிவிட்டது. அழகுமுத்துவால் சும்மா நிற்க முடியுமா?

"ஏன் ஜீவராணி, மனசுக்குள்ள காலையிலேர்ந்து ஒரு பாட்டு ஓடுது. நான் பாடல. அப்ப யாரு பாடுறா?"

"பக்கத்து வீட்டு ரேடியோவா இருக்கும், காதக் கழுவிட்டுக் கேளுங்க" என்றாள் அவள், குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டே.

அழகுமுத்து அங்கேயே நின்றுவிட்டார். குடம் நிறைந்து வழிந்து காலை நனைத்தது. இத்தனை வருஷத்தில் அவருடைய கேள்விக்கு மனுஷர்கள் முழித்திருக்கிறார்கள், சிரித்திருக்கிறார்கள், லீவு கொடுத்திருக்கிறார்கள். பதில் சொன்ன ஆள் இவள்தான்.

அதற்குப் பிறகு தினமும் குடம் நிறைய நேரமாகியது. சாவு வீட்டில் அழுகிறபோது பசிப்பது பாவமா என்று கேட்டார். பசிக்கலன்னா யாரு சாமி ஆக்கிப்போட்டத தின்னு தீர்க்கிறது என்றாள். நல்லவனாக இருக்கிறவன் யாரும் பார்க்காத இடத்திலும் நல்லவனாக இருப்பானா என்று கேட்டார். நீங்க பீலிக்கு யாரும் பாக்காத நேரமாப் பாத்துத்தானே வர்றீங்க, நீங்களே சொல்லுங்க என்றாள். அழகுமுத்துவுக்குக் காது சிவந்தது. அந்த வயதிலும் காது சிவக்கும் என்பது அவருக்கே புதுச் செய்தி.

கவ்வாத்து வெட்டிய மிலாறு, அதுதான் அந்தக் காய்ந்த குச்சிகள், அடுப்புக்கு நல்ல விறகு. ஜீவராணி வீட்டுப் பின்வாசலில் விடிவதற்கு முன்னால் ஒரு கட்டு மிலாறு தானாக வந்து நிற்க ஆரம்பித்தது. யாரும் பார்க்கவில்லை என்று அழகுமுத்து நினைத்தார். லயத்தில் ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாம் வீட்டிலிருந்து "நூறு வயசு" என்பார்கள். அடுத்த வீட்டுக் காளியாயி முதல் கட்டிலிருந்தே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சொல்லாமல் வைத்திருந்தது, இன்னும் கொஞ்சம் பழுக்கட்டும் என்றுதான்.

இந்த மாசியில் கம்பம் நட்ட அன்றைக்கு ஜீவராணி பீலியில் வைத்துச் சொன்னாள்.

"மகன் கூப்பிடுறான். மருமக பிள்ளை பெத்திருக்கா, பாத்துக்க ஆளில்ல. வத்தளைக்கு வந்து அங்கயே இருந்துருன்றான்."

அழகுமுத்துவுக்கு முதல் தடவையாகக் கேட்கக் கேள்வி வரவில்லை.

"போனா இருந்துருவேன். திரும்பி வந்து எந்த முகத்தோட இங்க இருக்கிறது? நீங்க என்னா சொல்றீங்க?"

"நானா?"

"பின்ன, பீலியவா கேக்குறேன்? ஊருக்குத் தெரிஞ்சு கட்டிக்கிறதுன்னா நிக்கிறேன். பின்வாசல்ல விறகு போடுறதுன்னா அத மகன் வீட்டு கேஸ் அடுப்பே பாத்துக்கும். கூத்து ஞாயித்துக்கிழம முடியுது. செவ்வாக்கிழம காலையில ரயிலு. அதுக்குள்ள சொல்லுங்க."

சொல்வது லேசா? சொன்னால் எரிந்த கட்சியின் கதி என்ன? மேட்டு லயம் பூராவும் முகத்தை எங்கே வைத்துக்கொள்ளும்? ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் கரண்டிக்காரன் நின்று, "அண்ணனுக்கு ரெண்டாவது கரண்டி போடுங்கப்பா, ரெண்டாவதுன்னா அவருக்கு ஆசை" என்பானே! அழகுமுத்து மூன்று நாள் கவ்வாத்து மலையில் யோசித்தார். நாலாம் நாள் முகம் தெளிந்தது.

"வழி கெடச்சிருச்சு ஜீவராணி" என்றார் பீலியில். "நான் தோத்துப்போறேன்."

"எதுல?"

"வழக்குல. மச்சான் ஜெயிச்சா காமன் எரியலன்னு ஆகும். சத்தியப்படி நான் ஒரு வருசம் எரியாத ஆளா வாழணும். எரியாத ஆளு கல்யாணம் கட்டுனா யாரு என்னா சொல்றது? ஊருதானே தீர்ப்புச் சொல்லிச்சு, எம்மேல குத்தமில்லயே!"

ஜீவராணி குடத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் தண்டனையா?"

"அப்படியில்ல, இது ஒரு யோசன..."

"ம்" என்றாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்த "ம்"மைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அழகுமுத்து சீழ்க்கையடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மனசைப் பற்றி அவ்வளவு கேள்வி கேட்கிற ஆளுக்கு, எதிரில் நிற்கிறவள் மனசைப் படிக்கத் தெரியவில்லை பாருங்கள்.

இதற்குள் காளியாயி கையில் இருந்த பழம் பழுத்துவிட்டது. அதைக் கொண்டுபோய் ஜெயகாந்தன் கையில் கொடுத்தாள். ஜெயகாந்தன் கொழுந்து லொறியில் மூட்டை ஏற்றுகிறவன். கேட்டதும் அவனுக்கு வயிறு எரிந்தது. அக்கா படம் அந்த வீட்டுச் சுவரில் மாலையோடு இருக்கிறது. அந்தச் சுவருக்குக் கீழே இன்னொருத்தி வந்து அடுப்பு மூட்டுவதா? சண்டை போடலாம். ஆனால் சண்டை போட்டால் ஊர் சேர்த்து வைத்துவிடும். அதனால் அவனும் யோசித்தான். மச்சானை ஜெயிக்க வைத்துவிட்டால்? எரிந்தது எரிந்ததுதான் என்று ஊர் முன்னால் ஜெயித்த மனுஷன் மறுநாள் எப்படித் தாலி வாங்கப் போவான்? தன் வாயாலேயே தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்வான். அதற்காக ஒரு வருஷம் ரெண்டாம் கரண்டி போனால் போகட்டும் என்று ஜெயகாந்தன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

ஆகக்கூடி ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேச்சாளர்களும் தோற்பதற்குத் தயாராகிப் பொட்டலுக்கு வந்தார்கள்.

முன்பெல்லாம் வழக்கு ராத்திரியில் நடக்கும். தேயிலைக்குள் சிறுத்தை நடமாட்டம் வந்த பிறகு மத்தியானத்துக்கு மாற்றிவிட்டார்கள். நடுவர் இப்றாஹிம் நானா, ஊருக்கே அண்ணன் முறை. சந்தியில் கடை வைத்திருக்கிறவர். தோட்டத்து ஆள் யாரும் நடுவராக முடியாது, எல்லாரும் ஏதாவது ஒரு கட்சி. நானாவுக்கு மட்டும் கட்சி கிடையாது. "ரெண்டு கட்சியும் என் கடையிலதான் சீனி வாங்குது. நான் எந்தப் பக்கம் சாஞ்சாலும் மத்தப் பக்கம் சீனி இல்லாமத் தேத்தண்ணி குடிக்கும்" என்பார். பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார்.

அழகுமுத்து எழும்பினார். மேட்டுத் தப்புக்காரன் குச்சியை ஓங்கித் தயாராக நின்றான்.

"காமன் எரிஞ்சான்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க" என்றார் அழகுமுத்து. "சொன்னா ஏதோ காரணம் இருக்கும்."

உட்கார்ந்துவிட்டார். தப்புக்காரனுடைய குச்சி ஆகாயத்திலேயே நின்றது. கூட்டம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தது. இனி ஜெயகாந்தன் வந்து கிழித்துத் தோரணம் கட்டப்போகிறான் என்று ஆற்றோரம் குதூகலமாகிவிட்டது.

ஜெயகாந்தன் தொண்டையைச் செருமினான். "மச்சான் சொல்றது நல்ல பேச்சு. பெரியவங்க சொன்னத நாம யாரு மறுக்குறதுக்கு? நம்ம கட்சி எரியலன்னு சொல்லுது. சொல்லிட்டேன்."

"டேய், என்னாடா பேசுறே?" என்று அவன் ஆள் ஒருத்தன் கத்தினான்.

அழகுமுத்துவுக்குச் சந்தேகம் தட்டியது. இவன் என்ன, குழியை நாம் வெட்டினால் இவன் முந்திக்கொண்டு உள்ளே குதிக்கிறான்? மறுபடி எழும்பினார். இந்தத் தடவை எதிராளிக்கு வேண்டிய கத்தியையே எடுத்துக் கையில் கொடுத்தார். "நான் கவ்வாத்து வெட்டுறவன். மலையையே மொட்டையாக்கிட்டு வர்றேன். பாத்தா செத்த மாதிரிதான் நிக்குது. கொஞ்ச நாள் கழிச்சுப் போனா அரும்பு வச்சிருக்கு. இதுக்கு என்னா சொல்றதுன்னு எனக்கே தெரியல."

மேட்டு லயம் தலையில் கை வைத்தது. ஆற்றோரத் தப்பு பழக்க தோஷத்தில் ரெண்டு அடி அடித்தது. ஜெயகாந்தன் திரும்பித் தன் தப்புக்காரனையே முறைத்தான்.

"நிப்பாட்டுடா! மச்சான், அது செடி. வேரு இருக்கு, தளிர்க்குது. காமனச் சுட்டது நெத்திக்கண்ணு. வேரும் எரிஞ்சிருச்சு, வேருக்குக் கீழ இருக்கிற மண்ணும் எரிஞ்சிருச்சு!"

"மண்ணு எப்படிடா எரியும்?"

"எரியும்! எரிஞ்சா எரிஞ்சதுதான்!"

"எரியல மச்சான், நல்லா யோசிச்சுப் பாரு!"

"நீ யோசி! எரிஞ்சவன் நீ!"

ரெண்டு பேரும் மூக்கோடு மூக்கு வைத்து நின்றார்கள். எரிந்த கட்சி எரியவில்லை என்கிறது, எரியாத கட்சி எரிந்தது என்கிறது. தப்புக்காரர்கள் ரெண்டு பேரும் குச்சியைக் கீழே வைத்துவிட்டு பீடி பற்ற வைத்தார்கள். இப்றாஹிம் நானா கோப்பையைக் கதிரைக்கடியில் வைத்தார்.

"இந்தா பாருங்கப்பா, நான் எத்தனையோ மாசியா இந்தக் கதிரையில குந்தியிருக்கேன். இப்படி ஒரு வழக்க நான் பாத்ததில்ல. நீங்க ரெண்டு பேரும் எடம் மாறி நின்னுட்டீங்களா, இல்லாட்டி எனக்குத்தான் வெயில் ஏறிட்டா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானா கையைக் காட்டி அடக்கினார். "சரி, தீர்ப்புக்கு முந்திப் பொம்பளைங்க பக்கத்துக் கேள்வி."

அது ஒரு வழக்கம். பெண்கள் பேச்சாளராக முடியாது, ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். எப்போதும் காளியாயி எழும்பி, "சோறு எப்பப் போடுவீங்க?" என்று கேட்பாள். எல்லாரும் சிரிப்பார்கள், அதோடு தீர்ப்பு. காளியாயி எழும்பவும் செய்தாள். அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு ஜீவராணி எழும்பினாள்.

"ரெண்டு கட்சிக்கும் ஒரே கேள்விதான். ரதி அழுது பொரண்டதும் சிவன் வரம் கொடுத்தாரு. மதன் திரும்பி வருவான், ஆனா ரதி கண்ணுக்கு மட்டுந்தான் தெரிவான். கத அப்படித்தானே?"

"அப்படித்தான்" என்றார்கள் நாலைந்து பேர்.

"அப்ப அந்தப் புருஷன வச்சுக்கிட்டு அவ என்னா செய்வா? கோயிலுக்குப் போனாத் தனியாத்தான் போறா. காய்ச்சல்ல கெடந்தா, ஒன்னப் பாத்துக்கிற ஆளு யாரும்மான்னு டிஸ்பென்சரியில கேப்பாங்க. யாரக் காட்டுவா? ஊரு அவள முண்டச்சிங்கும். வீட்டுக்குள்ள ஒருத்தன் சிரிச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பான். எரிஞ்சா அழுது முடிச்சிட்டு வேற வேலையப் பாக்கலாம். எரியலன்னா கூட வாழ்ந்திரலாம். ரெண்டும் இல்லாம, தன் கண்ணுக்கு மட்டும் தெரியிற ஒருத்தனோட ரதி எப்படி வாழணும்? நீங்க எரிஞ்சானா எரியலையான்னு அவனப் பத்தியே பேசுறீங்க. அவளப் பத்தி யாரு பேசுனீங்க? பதில் சொல்லுங்க."

காளியாயி "அம்மாடி" என்று மூச்சு விட்டாள்.

எல்லாக் கண்ணும் அழகுமுத்து மேல் திரும்பியது. ஆற்றோரம், மேடு, தப்புக்காரர்கள், சிவன் வேஷக்காரர் உட்பட. அழகுமுத்து எழும்பினார். துண்டை உதறினார். தோளில் போட்டார். மறுபடி எடுத்து உதறினார்.

"மனசுங்கிறது பாத்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தார்.

"மனசு கெடக்கட்டும்யா!" என்றாள் காளியாயி. "கேட்டதுக்குப் பதிலச் சொல்லு!"

"மனசுங்கிறது ஒரு... அது இருக்கிற எடம்..."

சிரிப்பு ஒரு மூலையில் ஆரம்பித்து மழை மாதிரி பரவியது. அழகுமுத்து உட்கார்ந்துவிட்டார். ஜெயகாந்தன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா உயிரோடு இருந்தபோது, ரெண்டு பேச்சாளர்களும் பேசிக்கொண்டே இருக்க, விறகு சுமந்தது யார் என்று அவனுக்குத் தெரியும்.

"ரெண்டு கட்சியும் பதில் சொல்லல்ல" என்றார் நானா. "பதில் வர்ற வரைக்கும் தீர்ப்பு இல்ல. போய் மதன எரிங்க, மழை வரப்போகுது."

ஜீவராணி மதன் எரிவதைப் பார்க்க நிற்கவில்லை. பை கட்டப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை அழகுமுத்து கவ்வாத்து மலையில் ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தி நிற்காமல் ஓடியது. கங்காணி வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "என்னாங்கண்ணே, ஒண்ணுமே கேக்கல? ஒடம்புக்கு முடியலயா?" ஆம்பிளைகள் வேலை மத்தியானத்தோடு முடிந்துவிடும். முடிந்ததும் வீட்டுக்குப் போனார். சிவனம்மா படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். என்ன பேசினாரோ தெரியாது. நிச்சயம் கேள்வியாக இருந்திருக்காது, சிவனம்மாவுக்குக் கேள்வி கேட்டால் பிடிக்காது. பிறகு பெட்டியைத் திறந்து புதுச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, மழையில் கொழுந்து மடுவத்துக்கு இறங்கினார்.

மடுவம் என்றால் சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற கொட்டகை. நிறுத்த மூட்டையை லொறிக்குத் தூக்கிக் கொடுக்கணும். கீழ்க்கணக்கில் பொம்பளையின் மூட்டையை அவள் புருஷன்தான் தூக்குவான். புருஷன் இல்லாதவள் தானே தூக்கிக்கொள்வாள். வேறு ஆம்பிளை தொட மாட்டான், தொட்டால் அடிதடிதான். குளவி கொட்டிய நாளிலிருந்து ஜீவராணி மூட்டையை ஜீவராணிதான் தூக்கிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அவள் மூட்டை தராசிலிருந்து இறங்கியதும், வரிசையை விலக்கிக்கொண்டு ஒரு புதுச் சட்டை உள்ளே வந்தது. குனிந்தது. மூட்டையைத் தலையில் ஏற்றியது. வரிசையில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஜீவராணி தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மறுபடி கட்டினாள், அவ்வளவுதான்.

லொறியில் நின்று மூட்டை வாங்குகிறவன் ஜெயகாந்தன். அவன் கையை நீட்டவில்லை.

"யாரு மூட்டை மச்சான்?"

"புடிடா."

"மூட்டையில பேரு இல்லயே. யாரு மூட்டைன்னு தெரிஞ்சாத்தானே ஏத்தலாம்."

ஈரக் கொழுந்து. தண்ணீர் மூட்டையிலிருந்து வழிந்து அழகுமுத்துவின் நெற்றியில் இறங்கி, புதுச் சட்டைக் கழுத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

"ஜீவராணி மூட்டை."

"ஜீவராணி மூட்டைய நீ ஏன் தூக்குற? அவ ஒனக்கு யாரு?"

அழகுமுத்துவின் வாய் அசைந்தது.

"கேக்கல மச்சான். இஞ்சின் ஓடுது."

"நான் கட்டிக்கப்போற..."

"கேக்கலங்குறேன்ல!"

லொறி டிரைவருக்கு இந்தக் கூத்தை விட மனமில்லை. சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்திவிட்டார். அது தெரியாமல் அழகுமுத்து மூச்சை இழுத்து அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"நான் கட்டிக்கப்போற பொம்பள மூட்டைடா!"

சத்தம் எதிர் மலையில் முட்டித் திரும்பி வந்தது. தூரத்தில் விறகு சுமந்து போய்க்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். காளியாயி குலவை போட்டாள். அதற்குப் பிறகு சிரிப்பை யாராலும் அடக்க முடியவில்லை. கணக்குப்பிள்ளை பேனாவைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

ஜெயகாந்தன் சிரிக்கவில்லை. குனிந்து ரெண்டு கையாலும் மூட்டையை வாங்கினான். கொஞ்ச நேரம் மார்போடு வைத்துக்கொண்டு நின்றான்.

"அக்கா மூட்டை இதவிடப் பாரமா இருக்கும்" என்றான். மூட்டையை உள்ளே தள்ளிவிட்டு அடுத்ததுக்குக் கை நீட்டினான்.

மழையில் ரெண்டு பேரும் லயத்துக்கு ஏறினார்கள், முன்னும் பின்னுமாக இல்லை, பக்கத்தில் பக்கத்தில். பின்னால் பெண்கள் கூட்டம் ஒன்று பாட்டுக் கட்டிக்கொண்டே வந்தது.

"அப்ப நாளைக்கு ரயிலு இல்லயே?" என்றார் அழகுமுத்து.

"ஏன் இல்ல? போகத்தான் போறேன். பேரப்பிள்ளையப் பாக்க வேணாமா? பத்து நாள் இருந்துட்டு வர்றது. நீங்களும் வர்றீங்க."

"நானா? வத்தளைக்கா? கிஷாந்த் என்னயப் பாத்தா ஏசுவான் ஜீவராணி!"

"ஏசட்டும்" என்றாள் அவள். "ஆளு கண்ணுக்குத் தெரிஞ்சாத்தானே ஏச முடியும்."